ரீபோருக்கு முன் மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: திண்டுக்கல்லில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம்முடைய மாருதி 800 பற்றி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. 1998இல் சென்னையில் புதிதாக வாங்கிய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி. 1999 முதல் திண்டுக்கல்லில் ஓடுகிறது. 1,46,000 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. ஒன்றரை ஆண்டுக்கு முன் மேட்டில் இழுவை குறையத் தொடங்கியது. மூன்றாவது கியரில் ஏறிய கொடைக்கானல் மலைச்சாலையின் பகுதிகளில் இப்போது முதல் கியர் தேவைப்படுகிறது. மைலேஜ் 17இலிருந்து 13ஆக இறங்கியது. ஒரு பட்டறையில் பிளக், பிளக் வயர், காயில் மூன்றையும் மாற்றினார்கள்; பயன் இல்லை. இன்னொரு பட்டறையில் பழைய கார்புரேட்டரைக் கழற்றி, வேறொரு வண்டியிலிருந்து எடுத்த கார்புரேட்டரைப் பொருத்தினார்கள். அதன் பிறகு சூடான நிலையில் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் தானே மெதுவாக ஓடுவது) நிலைத்து நிற்பதில்லை, சிக்னலில் அணைந்துவிடுகிறது, வெயிலில் நிறுத்தி எடுத்தால் இருபது நிமிடம் ஸ்டார்ட் ஆவதில்லை, பெட்ரோல் வாடை வருகிறது, மைலேஜ் 11. காலையில் மட்டும் முதல் சாவித் திருப்பிலேயே எடுத்துக்கொள்கிறது. ஆயில் குறைவதில்லை, நீலப் புகையும் இல்லை. இதுவரை 19,000 ரூபாய் செலவு. மூன்றாவது மெக்கானிக், "கம்ப்ரெஷன் போய்விட்டது, எஞ்சினை இறக்கி ரீபோர் செய்ய வேண்டும்" என்கிறார். சிலிண்டருக்குள் பிஸ்டன் கலவையை அழுத்தும் அழுத்தமே கம்ப்ரெஷன்; தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதே ரீபோர். செய்யலாமா, அல்லது வண்டியை விற்றுவிடலாமா என்பது அவருடைய கேள்வி. கடந்த ஆண்டும் இந்த ஆண்டும் எடுத்த புகைச் சான்றுகளின் நகல்களையும் இணைத்திருக்கிறார்.

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

ரீபோர் செய்ய வேண்டாம். குறைந்தபட்சம், இந்த மடலில் நான் கேட்கும் அளவுகள் உங்கள் கைக்கு வரும் வரையில் வேண்டாம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வண்டியைப் பார்க்காமல் ஒருவர் முடிவு சொல்வது தவறு என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் சில வரிகள் அந்த மெக்கானிக்கின் தீர்ப்போடு பொருந்தவில்லை. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்த எஞ்சின் காலைக் குளிரில்தான் அதிகம் அடம் பிடிக்கும்; ஆயில் குடிக்கும்; ஆக்சிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை விடும். உங்கள் வண்டி காலையில் உடனே எடுக்கிறது, ஆயில் குறையவில்லை, புகை இல்லை. தேய்மானமே இல்லை என்று இதை வைத்து நான் சொல்லிவிட முடியாது. ஆனால் 1,46,000 கிலோமீட்டரில் இந்த மூன்று அறிகுறிகளில் ஒன்றுகூட இல்லாத எஞ்சினைப் பிரித்துப் போடுவதற்கு முன், பிரிக்க வேண்டும் என்று சொல்பவர் அதற்கான அளவைக் காட்ட வேண்டும்.

அடுத்ததாக ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் எல்லாக் குறைகளையும் ஒரே நோயின் அறிகுறிகளாக எழுதியிருக்கிறீர்கள். மெக்கானிக்குகளும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் எழுதிய காலவரிசையைத் தாளில் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். கார்புரேட்டரை மாற்றுவதற்கு முன்பு இருந்தவை இரண்டே: மேட்டில் இழுவை இல்லை, மைலேஜ் குறைவு. ஐடிலிங் நிற்காதது, சூட்டில் அணைவது, வெயிலில் ஸ்டார்ட் ஆகாதது, பெட்ரோல் வாடை ஆகிய அனைத்தும் கார்புரேட்டரை மாற்றிய பிறகு வந்தவை. ஆகவே உங்கள் வண்டியில் இருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்றே நான் கருதுகிறேன். ஒன்று தானாக வந்தது. மற்றொன்று பழுது பார்க்கும்போது உள்ளே நுழைந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், எந்தப் பாகத்தை மாற்றினாலும் பாதிக் குறை மிஞ்சி நிற்கும். அந்தப் பாதியைப் பார்த்து, செய்த வேலை தவறு என்று முடிவுகட்டி, அடுத்த பாகத்திற்குப் போய்விடுவார்கள். 19,000 ரூபாய் செலவானது இந்த வழியில்தான்.

நீங்கள் அனுப்பிய புகைச் சான்றுகள் இதை உறுதிப்படுத்துகின்றன. அவற்றை டேஷ்போர்டில் போட்டு மறந்துவிடும் காகிதமாகவே பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அவை மருத்துவப் பரிசோதனை முடிவுகளைப் போல. பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதமும், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம்.மும் வரம்பு. கடந்த ஆண்டுச் சான்றில் 1.1 சதவீதமும் 420 பி.பி.எம்.மும் இருக்கின்றன. இந்த ஆண்டுச் சான்றில் 0.3 சதவீதமும் 1,340 பி.பி.எம்.மும் இருக்கின்றன. இரண்டும் வரம்புக்குள் இருப்பதால் இரண்டு முறையும் சான்று கிடைத்துவிட்டது. யாரும் எண்களை ஒப்பிடவில்லை. கார்பன் மோனாக்சைடு என்பது காற்று போதாமல் அரைகுறையாக எரிந்த பெட்ரோலின் அடையாளம். அது ஏறினால் கலவையில் பெட்ரோல் அதிகம் என்று பொருள். ஹைட்ரோகார்பன் என்பது எரியாமலே வெளியே வந்த பெட்ரோல். முதலாவது இறங்கி இரண்டாவது மூன்று மடங்காக ஏறியிருக்கிறது என்றால், கலவையில் காற்று மிகுந்து, நெருப்புப் பற்றாமல், சில சுற்றுகளில் பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியாகப் போகிறது என்று பொருள். பட்டறை மொழியில் சொன்னால் லீன் மிஸ்ஸிங். கார்புரேட்டரைத் தாண்டிய ஓர் இடத்தில் எஞ்சின் திருட்டுக் காற்றை உறிஞ்சுகிறது என்பதே இதற்கு முதல் விளக்கம். கடந்த ஆண்டு எண்களோ, ஐடிலிங்கில் எஞ்சின் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்ததைக் காட்டுகின்றன. அதாவது உங்கள் முதல் கோளாறு சுமை ஏறும்போது மட்டும் வெளிப்படும் வகையைச் சேர்ந்தது. இதைப் பின்னால் பயன்படுத்திக்கொள்வோம்.

எஞ்சினுக்குப் போகும் முன் பத்து நிமிடத்தில் முடியும் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். இழுவை இல்லாத வண்டிகளில் எஞ்சின் குற்றவாளியாகவே இல்லாதவை பல என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. சமதளச் சாலையில் சிறிது தூரம் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டு சென்று பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்சக்கரங்கள் இரண்டும் சூடாக இருந்தால் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கிறது. இரண்டாவது, கிளட்ச். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வண்டியின் வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது.

இவை சரியாக இருந்தால், அடுத்தது கம்ப்ரெஷன். இதில்தான் மிகுந்த கவனம் தேவை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மெக்கானிக்கிடம் "எந்தக் கேஜை (அழுத்தமானியை) வைத்துப் பார்த்தீர்கள், மூன்று சிலிண்டரிலும் எவ்வளவு வந்தது" என்று பணிவாகக் கேளுங்கள். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன் என்று அவர் சொன்னால், அது சோதனை ஆகாது. கேஜ் வைத்துப் பார்த்தேன் என்றாலும், எப்படிப் பார்த்தார் என்பது முக்கியம். எஞ்சின் ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். தீப்பொறி வராதபடி காயிலுக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்துவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். சோக் திறந்திருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும் நிபந்தனையை மறந்துவிடும் மெக்கானிக்குகள் அநேகம். த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்றுவழித் தகடு) மூடியிருந்தால் சிலிண்டருக்குள் காற்றே போகாது. போகாத காற்றை பிஸ்டன் எப்படி அழுத்தும்? நல்ல எஞ்சினிலும் கேஜ் முள் கீழேயே நிற்கும். அந்தப் பொய்யான எண்ணை நம்பி ரீபோருக்குப் போன எஞ்சின்களை நான் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கைந்து அழுத்தம் வரும் வரை சுழற்றி, முள் நிற்கும் இடத்தைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

இந்த 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின்களில், நல்ல நிலையில் இருக்கும்போது என் கேஜில் 160 முதல் 185 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரை பார்த்திருக்கிறேன். கேஜுக்குக் கேஜ் மாறும் என்பதால் அந்த எண்ணை விட, மூன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் முக்கியம். மூன்றும் அந்த அளவை ஒட்டி, ஒன்றுக்கொன்று 15 பி.எஸ்.ஐ.க்குள் இருந்தால் ரீபோர் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். ஒன்று மட்டும் நன்றாக இறங்கியிருந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயிலை பிளக் ஓட்டை வழியாக ஊற்றி மீண்டும் அளக்க வேண்டும். ஆயில் ரிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சற்று நேரம் அடைக்கும். எண் கணிசமாக ஏறினால் குறை ரிங்கில் அல்லது சிலிண்டரில். ஏறாமல் அப்படியே இருந்தால் வால்வில். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் ஹெட் கேஸ்கட் நடுவில் விட்டிருக்கலாம். மூன்றுமே ஒரே அளவில் இறங்கியிருந்தால், ரிங்கைச் சந்தேகிக்கும் முன் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று குறிகளை ஒத்துப் பார்க்க வேண்டும். வால்வுக் குறை என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். எஞ்சினை இறக்கி ரீபோர் செய்ய வேண்டிய தேவை இல்லை. செலவில் இரண்டுக்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

வால்வு என்றதும் டாப்பெட் (வால்வைத் திறக்கும் ராக்கருக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சரிசெய்யும் இடம்) பற்றி ஒரு வார்த்தை. டாப்பெட் சத்தம் கேட்டால் உடனே ஓடி வருபவர்கள், சத்தம் இல்லாமல் போனால் மகிழ்ச்சி அடைகிறார்கள். உண்மையில் சத்தம் இல்லாததுதான் கவலைக்குரியது. எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் நாளடைவில் உள்வாங்கும். அப்போது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறைந்துகொண்டே வரும். குளிர்ந்த நிலையில் வால்வு மூடும்; சூடாகித் தண்டு நீண்டதும் முழுதாக மூடாது. அந்த நேரத்தில் கம்ப்ரெஷன் கசியும், வால்வின் விளிம்பும் கருகும். காலையில் நன்றாக ஓடி, சூடேறியதும் ஐடிலிங் தடுமாறும் வண்டிகளில் இதை விலக்கிவிட முடியாது. இந்த எஞ்சினில் திருகு வைத்துச் சரிசெய்யும் ராக்கர் இருப்பதால், ஃபீலர் கேஜ் வைத்திருக்கும் எந்த நல்ல மெக்கானிக்கும் மேல் மூடியைக் கழற்றி ஒரு மணி நேரத்தில் சரிபார்த்துவிடுவார். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இன்டேக்கிற்கும் எக்ஸாஸ்டிற்கும் உள்ள அளவைப் பார்த்து, அது குளிர்ந்த நிலைக்கா சூடான நிலைக்கா என்பதையும் உறுதிசெய்துகொண்டு வைக்கச் சொல்லுங்கள்.

இனி, பழுது பார்த்தபோது வந்த கோளாறு. பழைய கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா, அல்லது இன்னும் அந்தப் பட்டறையின் மூலையில் கிடக்கிறதா என்று இன்றே போய் விசாரியுங்கள்; கிடைத்தால் கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் வண்டியோடு பிறந்த கார்புரேட்டர் அது. கடந்த ஆண்டுப் புகை எண்களைப் பார்த்தால் ஐடிலிங்கைப் பொறுத்தவரை அது குற்றமற்றது. டயாபிரம், கேஸ்கட், நீடில் வால்வு அடங்கிய ரிப்பேர் கிட் போட்டுச் சுத்தம் செய்தால் அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். மாருதிக்கு கார்புரேட்டர் செய்து கொடுத்தது ஜப்பானின் மிகுனியோடு தொழில்நுட்பக் கூட்டு வைத்திருந்த நம் சென்னை யூகால் நிறுவனம்தான். அதில் கைதேர்ந்த பழைய மெக்கானிக்குகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது பொருத்தியிருக்கும் கார்புரேட்டரில் முதலில் பார்க்க வேண்டியது அதன் அடிப்பகுதி. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் குழாய்) நடுவில் சூட்டைத் தடுக்கும் ஒரு தடித்த இன்சுலேட்டரும், அதற்கு மேலும் கீழும் கேஸ்கட்டும் இருக்க வேண்டும். வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போடும்போது இவற்றில் ஒன்றை விட்டுவிடுவதும், பழைய கேஸ்கட்டையே பசை தடவி வைத்துவிடுவதும் வழக்கம். உங்கள் விஷயத்தில் இந்த ஒரே தவறு, கார்புரேட்டரை மாற்றிய பிறகு வந்த எல்லா அறிகுறிகளையும் விளக்கிவிடுகிறது. கேஸ்கட் சரியாக அமரவில்லை என்றால் அந்த இடுக்கில் காற்றை இழுக்கும், ஐடிலிங்கில் கலவை மெலியும், ஹைட்ரோகார்பன் ஏறும். இன்சுலேட்டர் இல்லை என்றால் எஞ்சினின் சூடு நேரே கார்புரேட்டர் கிண்ணத்துக்கு ஏறும், வண்டியை நிறுத்தியதும் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழியும், வாடை அடிக்கும், எஞ்சின் பெட்ரோலில் மூழ்கி ஸ்டார்ட் ஆகாது, இருபது நிமிடத்தில் ஆவியாகி அடங்கியதும் எடுத்துக்கொள்ளும். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. வெயிலில் ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் சோக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்புங்கள். பலமுறை பம்ப் செய்யாதீர்கள். கருப்புப் புகையோடு எடுத்துக்கொண்டால், பெட்ரோல் மிகுதியால்தான் நின்றிருக்கிறது. அப்படியும் அசையவில்லை என்றால் ஒரு பிளக்கைக் கழற்றித் தீப்பொறி வருகிறதா என்று அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். காயிலும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) இருக்கும் பாகங்களும் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் உயிர் பெறுவது உண்டு. புதுக் காயில் என்பதால் அதை விலக்கிவிடாதீர்கள்.

காற்றுக் கசிவைத் தேடுவதற்குச் சிலர் ஓடும் எஞ்சினில் கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ பீய்ச்சுவார்கள். அருகில் எக்ஸாஸ்ட் தகித்துக்கொண்டிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரில் தீப்பொறி இருக்கும். உங்கள் வண்டியில் அதைச் செய்ய அனுமதிக்காதீர்கள். செடிக்குத் தெளிக்கும் குப்பியில் தண்ணீர் எடுத்து, கார்புரேட்டரின் அடி, மேனிஃபோல்டு சேருமிடம், ஒவ்வொரு ரப்பர் ட்யூபின் முனை என்று சிறிது சிறிதாகத் தெளித்தால் போதும்; கசிவுள்ள இடத்தில் தண்ணீர் பட்டதும் எஞ்சினின் ஓசை மாறும். வாக்யூம் ட்யூப்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்ப்பதும் பயன் தரும். ஒன்றை நசுக்கும்போது ஐடிலிங் சீரானால் அந்தப் பாதையில்தான் கசிவு. இருபத்தைந்து ஆண்டைத் தாண்டிய ரப்பர் ட்யூப்களை, வெடிப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே நல்லது. பாகங்களை அளக்காமல் மாற்றாதீர்கள் என்று சொல்லும் நான் விதிவிலக்காக ஏற்பது ரப்பரை மட்டும்தான்.

அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் வண்டி வடிவமைக்கப்பட்டபோது இந்த எரிபொருளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எத்தனால் பழைய வகை ரப்பரை ஊதச் செய்யும், இறுகச் செய்யும். பெட்ரோல் ட்யூப், பம்ப் டயாபிரம், கார்புரேட்டர் ஓ-ரிங் எல்லாம் அதற்கு இரையாகும். தவிர, சாதாரண பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலந்த பெட்ரோலுக்கு இது 13.5ஐ ஒட்டி வரும். புது வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் இதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. ஜெட் துளை எவ்வளவோ அவ்வளவே விடும். ஆகவே கலவை எப்போதும் கொஞ்சம் மெலிந்தே இருக்கும். இத்துடன் கேஸ்கட் கசிவும் சேர்ந்தால் ஐடிலிங் எப்படி நிற்கும்? மைலேஜும் சிறிது குறையத்தான் செய்யும். பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021இல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையே கணக்கிட்டிருந்தது. 17இல் அது ஒன்றுக்குச் சற்று மேல். உங்களுக்குக் குறைந்திருப்பதோ முதல் கட்டத்திலேயே நான்கு. எனவே பெட்ரோலை மட்டும் குறை சொல்லி விட்டுவிட முடியாது.

பெட்ரோல் வாடைக்கு இன்னும் ஒரே ஓர் இடத்தைப் பார்த்துவிடுங்கள். ஆயில் குச்சியை எடுத்து முகருங்கள். அளவு முன்பைவிட ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சினோடு இயங்கும் பெட்ரோல் பம்பின் டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும். "ஆயில் குறையவே இல்லை" என்ற உங்கள் வரியில் எனக்கு இருக்கும் சிறு ஐயம் இதுதான். ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தால், பம்பை மாற்றி ஆயிலையும் மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள், பேரிங்குகள் போய்விடும்.

இப்போது பழைய கோளாறுக்கு வருகிறேன். ஐடிலிங்கில் சரியாக இருந்து, சுமையில் மட்டும் துவண்ட எஞ்சின் அது. இத்தகைய குறைக்கு என் பட்டியலில் முதலில் வருபவை இரண்டு: டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் வேலை செய்யாதது, எக்ஸாஸ்ட் அடைத்துக்கொண்டது.

எஞ்சின் வேகம் கூடக் கூட, தீப்பொறி முன்கூட்டியே விழ வேண்டும்; இதுவே அட்வான்ஸ். அதற்காக டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழற்சியால் விரியும் சிறு எடைகளும், பக்கத்தில் வாக்யூமால் இயங்கும் ஒரு டயாபிரமும் இருக்கின்றன. வயதான வண்டியில் எடைகள் துருவில் சிக்கிக்கொள்ளும், டயாபிரம் கிழிந்துவிடும். எடை சிக்கினால் மேட்டில் இழுவை போகும். டயாபிரம் கிழிந்தால் சமவெளியில் மைலேஜ் போகும். ஐடிலிங்கில் இரண்டுமே தெரியாது. டைமிங் லைட்டை வைத்து ஐடிலிங்கில் மட்டும் குறியைப் பார்த்துவிட்டு "டைமிங் கரெக்ட்" என்று சொல்வது போதாது. ஆக்சிலரேட்டரைக் கூட்டும்போது குறி நகர்கிறதா, சீராக நகர்ந்து சீராகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். டயாபிரமைச் சோதிக்கக் கருவியே வேண்டாம். அதன் ட்யூபைக் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடித்தால், உள்ளே தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். பிளக், வயர், காயில் மூன்றையும் மாற்றிய அந்தப் பட்டறை, அவற்றுக்கு நடுவில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை.

எக்ஸாஸ்டைப் பற்றி உங்கள் வண்டியின் பிறப்பிடம் ஒரு தகவல் தருகிறது. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்கு கேடலிடிக் கன்வர்ட்டர் (புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கருவி) கட்டாயம். அதற்கு ஈயம் கலவாத பெட்ரோல்தான் போட வேண்டும். நாடு முழுவதும் ஈயம் நீங்கியது 2000 பிப்ரவரியில்தான். நீங்கள் 1999இல் திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டீர்கள். இடைப்பட்ட மாதங்களில் சிறிதளவு ஈயம் கலந்த பெட்ரோல் உங்கள் டேங்குக்குள் போயிருக்க வாய்ப்பு உண்டு. ஈயம் பட்டால் கன்வர்ட்டரின் வினையூக்கி செத்துவிடும். கடந்த ஆண்டுச் சான்றின் எண்களே அது இறந்துவிட்டதைச் சொல்கின்றன. உயிரோடு இருந்தால் அவை இன்னும் எவ்வளவோ குறைந்திருக்கும். செத்த கன்வர்ட்டரால் வண்டி நின்றுவிடாது. ஆனால் உள்ளேயிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உடைந்தோ உருகியோ வழியை அடைத்துக்கொண்டால், எஞ்சின் மூச்சை வெளியே விட முடியாமல் திணறும். ஐடிலிங்கில் வெளியேறும் காற்று கொஞ்சம் என்பதால் தெரியாது, மேட்டில் தெரியும். இப்போதைய மிஸ்ஸிங் அதை இன்னும் மோசமாக்கியிருக்கலாம், ஏனென்றால் எரியாத பெட்ரோல் போய் எரிவது அங்கேதான்.

கார்புரேட்டர் கசிவைச் சரிசெய்த பிறகு, அதற்கு முன் அல்ல, வாக்யூம் கேஜ் ஒன்றை மேனிஃபோல்டில் இணைக்கச் சொல்லுங்கள். சமவெளியில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். மூன்று சிலிண்டர் என்பதால் முள் சற்று நடுங்கலாம். முள் அசையாமல் தாழ்ந்து நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது, அல்லது கசிவு இன்னும் இருக்கிறது. ஒரே சீரான இடைவெளியில் சடக்கென்று இறங்கி ஏறினால் ஒரு வால்வு மூடவில்லை. பிறகு எஞ்சினை 2,500 சுற்றில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். முள் மேலே போய், பிறகு மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே வந்தால் எக்ஸாஸ்ட் அடைத்திருக்கிறது. உறுதிசெய்ய, கன்வர்ட்டருக்கு முன்னுள்ள இணைப்பைத் தளர்த்திவிட்டு ஒரே ஒரு சிறு மேட்டில் ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் இழுவை திரும்பிவிட்டால் பதில் கிடைத்துவிடும். அடைத்திருந்தால் உள்ளே குத்தி வெறும் குழாயாக்கித் தருகிறேன் என்பார்கள். அதற்கு உடன்படாதீர்கள், புதிதாக ஒன்றைப் பொருத்துங்கள். நம் பின்னால் நடந்து வருபவர்கள் மூச்சு விடும் காற்று அது.

நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த நாட்களில், கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில், இழுவை இல்லை என்று வந்த ஓர் அம்பாசடரின் எஞ்சினைப் பிரித்து, ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டு, பதினெட்டு நாள் கழித்துக் கொடுத்தோம். வண்டி அதே போலத்தான் ஓடியது. சைலன்சருக்குள் இருந்த உட்குழாய் மடிந்து வழியை மூடியிருந்தது. அந்த உரிமையாளர் வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர்; எங்களிடம் கோபப்படக்கூட இல்லாமல் பணத்தை எண்ணி வைத்த அவருடைய முகம் எனக்கு மறக்கவில்லை. கேஜ் இல்லாமல் எந்த எஞ்சினையும் பிரிக்கக் கூடாது என்று அன்று வைத்துக்கொண்ட விதியை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

கொடைக்கானல் விஷயத்தில் ஓர் எதிர்பார்ப்பை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். ஆயிரம் அடி ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து, எஞ்சின் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும். 7,000 அடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 40 குதிரைத்திறனைக்கூட எட்டாத எஞ்சினில் அது பெரிய இழப்பு. புதிதாக இருந்தபோதும் அது நிகழ்ந்ததுதான்; அப்போது மிச்சமிருந்த சக்தி அதை மறைத்தது. ஆகவே வண்டி சரியாகிவிட்டதா என்பதை மேலே, பெருமாள்மலைக்கு அப்பால் சோதிக்காதீர்கள். வத்தலக்குண்டைத் தாண்டி மலை தொடங்கும் முதல் சில கிலோமீட்டரில், நீங்கள் நன்கு அறிந்த ஒரு மேட்டில், ஒரே கியரில் சோதியுங்கள்.

விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் உங்கள் பதிவு 2028 வரை இருக்கும். கன்வர்ட்டர் தேவைப்பட்டால் அதைத் தவிர, மேலே சொன்ன வேறு எந்த வேலையும் நீங்கள் ஏற்கெனவே செலவழித்த தொகையை நெருங்காது. அளவுகள் வரும் முன் அவசரப்பட்டு விற்றால், பழுதான வண்டியின் விலைதான் கிடைக்கும்.

ஆக, வரிசை இது: பிரேக், கிளட்ச், பிறகு கம்ப்ரெஷன், டாப்பெட், பிறகு கார்புரேட்டரின் அடிப்பகுதியும் ரப்பர் ட்யூப்களும், பிறகு அட்வான்ஸ், கடைசியாக வாக்யூம் கேஜும் எக்ஸாஸ்டும். ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வண்டி எப்படி இருந்தது என்று தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று சிலிண்டரின் கம்ப்ரெஷன் எண்களையும், 2,500 சுற்றில் முள் எப்படி நடந்துகொண்டது என்பதையும், கார்புரேட்டருக்கு அடியில் இன்சுலேட்டர் இருந்ததா என்பதையும் எனக்கு எழுதுங்கள். கழற்றிய பிளக்குகளை எந்தச் சிலிண்டரிலிருந்து எடுத்தது என்று எண் குறித்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. அவை வந்ததும் அடுத்து எதைத் திறப்பது என்று சொல்கிறேன்.